நின்றுபோன பல்வலி



நம் உடம்பின் உறுப்புகளுள் நாம் மிக எளிதாக விட்டுக்கொடுத்துவிடுவது பல் ஒன்றைத்தான். விரல் வீங்கினால் விரலை வெட்டிவிடச் சொல்பவர் இல்லை. காது வலித்தால் காதை அறுத்துவிடச் சொல்பவரும் இல்லை. பல் வலித்தால் மட்டும், "பிடுங்கி எறிந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். 32 இருக்கின்றனவே, ஒன்று குறைந்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம் போலும்!

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. இஃது ஓசை நயத்துக்காகச் சொன்ன சொல் அன்று. தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லின் அடியில் படுவதால் பிறக்கின்றன என்றும், வகரம் பல்லும் உதடும் சேர்வதால் பிறக்கிறது என்றும் எழுத்துகளின் பிறப்பை ஆராய்ந்த தொல்காப்பியம் விளக்குகிறது. முன்பல் இழந்த பெரியவர் ஒருவர் 'தந்தை' என்று சொல்லும்போது உற்றுக் கேளுங்கள். இலக்கணம் கண்முன்னே நிற்கும். பேச்சுக்கு முன்பல் எப்படியோ, உணவுக்குக் கடைவாய்ப் பல் அப்படி. ஆகவே, காப்பாற்றக் கூடிய பல்லைக் காப்பாற்றுவது அழகுக்காகச் செய்யும் காரியம் அன்று. வாழ்நாள் முழுவதும் நன்றாக உண்பதற்கும் நன்றாகப் பேசுவதற்கும் செய்யும் காரியம்.

அவ்வாறு காப்பாற்றும் முறைகளுள் ஒன்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதனை வேர்க்கால்வாய்ச் சிகிச்சை என்பர். ரூட் கெனால் என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். அப்பெயரைக் கேட்டவுடன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்பவர் பலர். நான் மருத்துவன் அல்லன். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும், கன்னத்தைக் கையால் தாங்கியபடி கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பலரைக் கண்டவன். அவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டியதை ஒழுங்குபடுத்திச் சொல்லுவதே என் நோக்கம்.

முதலில் பல்லின் அமைப்பை அறிந்துகொள்வோம். வெளியே தெரியும் வெண்மையான பகுதி எனாமல். மனித உடம்பிலுள்ள பொருள்கள் அனைத்திலும் கடினமானது அதுவே. ஆனால் ஒருமுறை அரித்துப் பள்ளம் விழுந்துவிட்டால், எலும்பைப் போல அது மீண்டும் வளராது. அதற்கு உள்ளே டென்டைன் என்னும் அடுக்கு இருக்கிறது. இஃது எனாமலைவிட மென்மையானது. அதனால்தான் வெளியே கடுகளவு துளை தெரியும்போதே, உள்ளே மிளகளவு குழி விழுந்திருக்கும். இவ்விரண்டுக்கும் உள்ளே, பல்லின் நடுவில், ஓட்டுக்குள் இருக்கும் நுங்கைப் போல மிருதுவான பொருள் ஒன்று உண்டு. அதற்குப் பற்கூழ் என்று பெயர். நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதில் நிறைந்துள்ளன.

இப்பற்கூழ் பல்லின் நடுவறையோடு நின்றுவிடுவதில்லை. மெல்லிய கால்வாய்களின் வழியே வேரின் நுனிவரை இறங்கிச் செல்கிறது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு வேர், ஒரு கால்வாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் 2 வேர்கள், 3 கால்வாய்கள். மேல் முதற் கடைவாய்ப் பல்லுக்கு 3 வேர்கள். கால்வாய்கள் 3 அல்லது 4. வேரின் நுனியில் உள்ள துளை பொதுவாக அரை மில்லிமீட்டரும் இராது. அவ்வளவு சிறிய வாயில் வழியாகத்தான் பல்லுக்கு இரத்தம் வருகிறது, நரம்பும் வருகிறது.

இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால், பல்வலி ஏன் அவ்வளவு கொடியது என்பது விளங்கிவிடும். கையில் அடிபட்டால் கை வீங்குகிறது. வீங்குவதற்குத் தோல் இடங்கொடுக்கிறது. பற்கூழில் அழற்சி உண்டானால் அது வீங்க இடமில்லை. நாற்புறமும் கல்போன்ற சுவர். உள்ளே அழுத்தம் மிகுகிறது, நரம்பு நசுங்குகிறது, மனிதன் துடிக்கிறான். இரவில் படுத்தவுடன் வலி மிகுவதும் இதனாலேயே. படுத்த நிலையில் தலைப்பக்கம் இரத்தத்தின் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. இடமில்லாத அறைக்குள் அந்தச் சிறு கூடுதலும் பெரிதாகிறது.

பல் நோய் பெரும்பாலும் நான்கு நிலைகளைக் கடந்து வருகிறது. இவற்றை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிலையில், குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டால் பல் கூசும். எடுத்தவுடன் கூச்சம் நின்றுவிடும். பற்கூழ் இன்னும் பிழைக்கக் கூடிய நிலையில் உள்ளது என்பதற்கு இஃது அறிகுறி. இப்போதே மருத்துவரிடம் சென்றால் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடுவார். காரியம் ஒரு நாளில் முடியும்.

இரண்டாம் நிலையில், சூடோ குளிர்ச்சியோ பட்ட பிறகு வலி நீண்ட நேரம் நிற்கும். எதுவும் படாமலே தானாகவும் வலி எழும்பும். நள்ளிரவில் உறக்கத்தைக் கலைக்கும். பற்கூழ் பெரும்பாலும் இனித் தேறாது என்பதற்கு இஃது அடையாளம்.

மூன்றாம் நிலைதான் யாவரையும் ஏமாற்றும் நிலை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வலி இராது. குளிர்ந்த நீர் பட்டாலும் கூசாது. "கிராம்புத் தைலம் வைத்தேன், சரியாகிவிட்டது" என்பார் ஒருவர். "குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன்" என்பார் மற்றொருவர். உண்மை யாதெனில், பற்கூழ் இறந்துவிட்டது. வலியை எடுத்துச் சொல்ல நரம்பு இல்லை. அதனால் வலி இல்லை. வீட்டில் தீப்பற்றியதும் கூவிய காவற்காரன் புகையில் மயங்கி விழுந்தான், கூச்சல் நின்றது. கூச்சல் நின்றதால் தீ அணைந்துவிட்டது என்று எண்ணலாமா?

நான்காம் நிலை, சில வாரங்களிலோ சில மாதங்களிலோ, சில வேளை ஆண்டுகள் கழித்தோ வரும். இறந்த பற்கூழில் குடியேறிய கிருமிகள் வேர்நுனித் துளை வழியாக வெளிப்பட்டுத் தாடையெலும்பைத் தாக்குகின்றன. அங்குள்ள எலும்பு கரைகிறது, சீழ் கட்டுகிறது. கடித்தால் வலிக்கும், பல் சற்று உயர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஈறில் சிறு கொப்புளம் எழுந்து, உடைந்து, மீண்டும் எழும். சிலருக்கு முகம் வீங்கிவிடும்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இவ்வாறு நேர்ந்தது. காலாண்டுத் தேர்வின்போது அவனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. வீட்டில் கிராம்புத் தைலம் வைத்தார்கள். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் வலி முற்றும் நின்றது. அவனும் மறந்தான், பெற்றோரும் மறந்தார்கள். அரசுப் பொதுத்தேர்வுக்கு முதல் வாரம் முகத்தின் ஒரு பாதி வீங்கி, வாயைத் திறக்க இயலாமல் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனான். சீழை வடித்து, மருந்து செலுத்தி, காய்ச்சலைத் தணித்தார்கள். தேர்வை ஒருவாறு எழுதிவிட்டான். ஆனால் பல் நிற்கவில்லை. சொத்தை ஈறுக்குக் கீழே வேர்வரை இறங்கிவிட்டதால் எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அந்தப் பல் எது தெரியுமா? 6 வயதளவில், பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதற் கடைவாய்ப் பல். எந்தப் பாற்பல்லும் விழாமலே அது முளைப்பதால், பெற்றோர் பலர் அதனையும் பாற்பல் என்றே எண்ணி, விழுந்து முளைக்கும் என்று இருந்துவிடுகிறார்கள். அது நிலையான பல். வாழ்நாள் முழுவதும் உழைக்க வந்த பல், அம்மாணவனிடம் 10 ஆண்டுகளே இருந்தது. வலி நின்ற அந்த இரண்டாம் வாரத்தில் மருத்துவரிடம் சென்றிருந்தால், பெரும்பாலும் அதனைக் காப்பாற்றியிருக்கலாம்.

வலி வேறு, நோய் வேறு. இந்தப் பேச்சில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் கொள்வதானால் அந்த ஒன்று இதுவாக இருக்கட்டும்.

இனி, நோயின் காரணம் யாது என்பதைப் பார்ப்போம். காரணம் தெரிந்தால்தான் சிகிச்சையின் பொருள் விளங்கும். பல்லைப் புழு அரிக்கிறது என்பது உலகம் முழுவதும் பரவியிருந்த பழைய நம்பிக்கை. பாபிலோனியரின் களிமண் ஏடு ஒன்றில் பல்புழுவின் கதை உண்டு. நம் நாட்டிலும் கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டு, அப்புகையை வாயில் பிடித்துப் புழுவை விழச்செய்யும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்திலும் வேறொரு செடியின் விதையை இவ்வாறே புகைத்தார்கள். 1728ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபொஷார் என்பவர் தம் பெருநூலை வெளியிட்டபோது, இந்தப் புழுக் கொள்கையை ஏற்க மறுத்தார். 1890ஆம் ஆண்டில் மில்லர் என்னும் அமெரிக்கர், ஜெர்மனியில் இருந்து ஆராய்ந்து, வாயிலுள்ள நுண்கிருமிகள் நாம் உண்ணும் மாவையும் சர்க்கரையையும் புளிக்கச்செய்து அமிலம் உண்டாக்குகின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்றும் விளக்கினார்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. பற்கூழ் திறந்துவிட்டால் அது இறப்பது காற்றும் உணவும் படுவதாலா, கிருமி புகுவதாலா? இதற்கு விடை 1965ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்காவில் காக்கஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் மூவர் ஓர் அழகிய சோதனை செய்தார்கள். எலிகளை இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். மற்றொன்று பிறந்தது முதல் கிருமியே அண்டாத கூண்டில் வளர்ந்த எலிகள். இரு கூட்டத்துக்கும் பல்லில் துளையிட்டுப் பற்கூழைத் திறந்தபடியே விட்டார்கள். சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகி இறந்தது. வேர்நுனியில் சீழ் கட்டியது. கிருமியற்ற எலிகளின் பற்கூழோ, உணவுத் துணுக்குகள் அடைந்திருந்தும், உயிரோடு இருந்தது. திறந்த வாயை மூடப் புதிய டென்டைனையும் கட்டிக்கொண்டது. ஆகவே கொல்வது துளை அன்று, காற்றும் அன்று, உணவும் அன்று. கிருமியே என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று.

இப்போது வேர்க்கால்வாய்ச் சிகிச்சை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கிருமி குடியேறிய பற்கூழை அகற்றி, கால்வாய்களைத் தூய்மை செய்து, கிருமி மீண்டும் நுழையாதபடி அடைத்து மூடுவதே அச்சிகிச்சை. இதில் மாயமும் இல்லை, கொடுமையும் இல்லை.

அது நடைபெறும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். தெரிந்த பாதையில் நடப்பவனுக்கு இருட்டிலும் அச்சம் குறைவு அல்லவா?

முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். ரான்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களுக்குள், 1896 சனவரியில், வால்காஃப் என்னும் ஜெர்மானியப் பல் மருத்துவர் தம் பற்களையே படம் எடுத்தார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் கிடந்தார். இன்று அதே வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. வேரின் வடிவம், நுனியில் எலும்பு கரைந்திருக்கிறதா என்பன யாவும் அப்படத்தில் தெரியும்.

அடுத்து, மரத்துப்போகச் செய்யும் ஊசி. வலியே இந்தச் சிகிச்சைக்குக் கெட்ட பெயரைத் தேடித் தந்தது. ஆனால் 1943இல் சுவீடன் நாட்டு வேதியியலார் லோஃப்கிரென் லிடோகெய்ன் என்னும் மருந்தை உருவாக்கி, அது 1948இல் விற்பனைக்கு வந்த பின்னர், நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஊசி குத்தும் வலி சிறிது உண்டு. அதன்பின் பல் மரத்துப்போகிறது. கடும் அழற்சி உள்ள பல் சில வேளை ஒரே ஊசியில் முற்றும் மரத்துப்போவதில்லை. அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பது வீரம் அன்று. கையை உயர்த்துங்கள், மருத்துவர் மீண்டும் மருந்து செலுத்துவார். மக்களை வருத்தும் வலி நோயின் வலி. சிகிச்சை அதனைத் தீர்க்க வந்தது. இரண்டும் ஒரே நாற்காலியில் நேர்வதால், பழி சிகிச்சையின் மேல் விழுந்துவிட்டது.

பின்னர், பல்லைச் சுற்றி மெல்லிய இரப்பர்த் திரை ஒன்றைப் பொருத்துவார்கள். 1864இல் நியூயார்க் நகரில் பார்னம் என்பவர் கண்ட உபாயம் இது. எச்சிலில் கோடிக்கணக்கான கிருமிகள் உள்ளன; அது கால்வாய்க்குள் இறங்காமல் இத்திரை தடுக்கிறது. சிறு கருவிகளும் மருந்தும் தொண்டைக்குள் போகாமலும் காக்கிறது.

அதன்பின் பல்லின் மேற்புறத்தில் திறப்பு உண்டாக்கி, ஊசி போன்ற நுண்ணிய அரங்களால் கால்வாயைச் சுத்தம் செய்வார்கள். 1838இல் அமெரிக்காவில் மேனார்டு என்பவர் கடிகாரத்தின் சுருள்வில்லை அராவி இத்தகைய கருவியை முதன்முதலில் செய்தார் என்பர். இன்று நிக்கல், டைட்டேனியம் கலந்த உலோகத்தால் செய்த கருவிகள் வளைந்த கால்வாயிலும் முறியாமல் வளைந்து செல்கின்றன. நுனியில் 0.1 மில்லிமீட்டர் மட்டுமே பருமனுள்ள அரங்களும் உண்டு. அரம் எட்டாத மூலைகளைக் கழுவச் சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் திரவம் பயன்படுகிறது. முதல் உலகப் போரின்போது வீரர்களின் சீழ்ப்பிடித்த புண்களைக் கழுவ டேக்கின் என்பவர் பயன்படுத்திய மருந்தின் இனமே அது.

கடைசியாக, சுத்தம் செய்த கால்வாயை அடைப்பார்கள். அடைக்கும் பொருள் கட்டாபெர்ச்சா. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இது. கடலடியில் தந்திக் கம்பி போட்ட காலத்தில், கம்பியில் நீர் புகாமல் இருக்க இதனையே உறையாகச் சுற்றினார்கள். கடல் நீரைத் தடுத்த பொருள், 1867 முதல், பல்லின் வேருக்குள்ளும் ஈரம் புகாமல் காவல் நிற்கிறது. இவையெல்லாம் சில பற்களில் ஒரே அமர்வில் முடியும். சீழ் உள்ள பற்களுக்கு இரண்டு மூன்று அமர்வுகள் தேவைப்படலாம்.

இனி, நோயாளிகள் செய்யும் பிழைகள் நான்கினைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பல்வலிக்குத் தாமே கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்குதல். விழுங்கிய மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். இறந்த பற்கூழுக்கு இரத்த ஓட்டமே இல்லை. பாலம் இடிந்த ஊருக்கு வண்டி எப்படிப் போய்ச் சேரும்? முகம் வீங்கிக் காய்ச்சல் வந்து, நோய் உடம்பில் பரவும் நிலையில் அம்மருந்து வேண்டும். அதனை மருத்துவரே தருவார். ஆனால் சாதாரணப் பல்வலிக்கு அது மருந்தாகாது என்பதை 2019ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் தன் வழிகாட்டுதலில் எடுத்துக் கூறியிருக்கிறது. கிராம்புத் தைலம் சற்று நேரம் வலியை மறக்கச்செய்யும், சொத்தையை ஆற்றாது. புகையிலையையோ ஆஸ்பிரின் மாத்திரையையோ ஈறில் வைத்து அடக்குவது ஈறைப் புண்ணாக்கும்.

இரண்டாவது பிழை, முதல் அமர்வில் வலி நின்றதும் அடுத்த அமர்வுக்குப் போகாதிருத்தல். இங்கும் பழைய ஏமாற்றமே மறுபடியும் நேர்கிறது. மருத்துவர் வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. அது சில வாரங்களில் தேயும். ஓரத்தில் எச்சில் கசியும். கழுவிய கால்வாய் மீண்டும் கிருமிகளின் ஊராகும். பாதியில் விட்ட சிகிச்சை பல வேளைகளில் பல்லையே பறிகொடுக்கச் செய்யும்.

மூன்றாவது, பல்லுக்கு உறை போடாமல் விடுதல். கேப் என்று மக்கள் சொல்லும் உறை ஆடம்பரம் என்று பலர் கருதுகிறார்கள். சொத்தையால் அரிக்கப்பட்டு, சிகிச்சைக்காகத் திறக்கப்பட்ட கடைவாய்ப் பல்லின் சுவர்கள் மெலிந்திருக்கும். கொட்டைப் பாக்கையோ முறுக்கையோ கடித்தால் பிளந்துவிடும். அமெரிக்காவில் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட பற்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வேர்க்கால்வாய்ச் சிகிச்சை பெற்ற பற்களில் 100க்கு 97, 8 ஆண்டுகளுக்குப் பின்னும் வாயில் நிலைத்திருந்தன. பின்னர்ப் பிடுங்கப்பட்ட பற்களைப் பார்த்தபோது, அவற்றுள் 100க்கு 85 முழு உறை போடாத பற்கள். இக்கணக்கே போதும், வேறு வாதம் வேண்டாம். முன்பல்லில் சேதம் குறைவாயின் உறையின்றி அடைப்பே போதுமானதாக இருக்கலாம். அதனை மருத்துவரே முடிவு செய்வார்.

நான்காவது, வதந்திக்குச் செவிகொடுத்தல். வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்த பல் உடம்பில் வேறு நோய்களை உண்டாக்கும், புற்றுநோய் வரும் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1910இல் வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் கனடாவின் மான்ட்ரீல் நகரில் பேசியபோது, வாயில் மறைந்திருக்கும் சீழே உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்றார். அதன் விளைவாகப் பல ஆண்டுகள், மூட்டுவலிக்கும் வயிற்றுவலிக்கும் கூட எண்ணற்ற பற்களைப் பிடுங்கினார்கள். பல் போயிற்று, நோய் போகவில்லை. அக்காலத்துச் சோதனைகள் ஒழுங்கான ஒப்பீடு இன்றிச் செய்யப்பட்டவை என்பதும் பின்னர் வெளியாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்கொள்கையை மருத்துவ உலகம் கைவிட்டது. முறையாகச் சிகிச்சை செய்த பல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சிகிச்சை செய்யாமல் விட்ட சீழ்தான் அஞ்சத் தக்கது.

அது எவ்வளவு அஞ்சத் தக்கது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீழ்ப்பல்லின் சீழ் சில வேளை நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவிவிடும். 1836இல் லுட்விக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனை விவரித்தார். அவர் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. தாடைக்குக் கீழே வீக்கம், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அப்படியானால் பல்லைப் பிடுங்கவே கூடாதா? கூடும். வேர் நெடுக விரிசல் விட்ட பல், தாங்கும் எலும்பு பெரிதும் கரைந்த பல், உறையைப் பற்ற மேலே ஒன்றும் எஞ்சாத பல் ஆகியவற்றை எடுத்துவிடுவதே முறை. ஆனால் எடுத்தபின் அவ்விடத்தை வெறுமையாக விட்டால், பக்கத்துப் பல் சாயும். எதிர்ப்பல் நீண்டு இறங்கும். செயற்கைப் பல் கட்டுவதற்கும் செலவு உண்டு. ஆகவே 'பிடுங்குவது மலிவு' என்ற கணக்கு அன்றைக்கு மட்டுமே சரியான கணக்கு.

செலவு என்றேன். நம்மில் பலருக்கு அதுவே பெரும் தடை. 1920இல் கல்கத்தாவில் இரஃபியுத்தீன் அகமது என்னும் பெரியார் பல் மருத்துவக் கல்லூரி நிறுவினார். இந்நாட்டில் அதுவே முதலாவது. சென்னையில் 1953இல், மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. அதுவே வளர்ந்து அரசு பல் மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளில், காத்திருக்கப் பொறுமை இருந்தால், குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். தெருவோரத்தில் பல் கட்டுபவரிடம் போவது மட்டும் வேண்டாம். பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட மருத்துவரிடமே செல்லுங்கள்.

அங்கே கேள்வி கேட்கவும் தயங்காதீர்கள். இந்தப் பல்லுக்கு நெடுநாள் நிற்கும் வலிமை உண்டா? எத்தனை அமர்வு வேண்டும்? பிறகு உறை வேண்டுமா? உறையோடு சேர்த்து மொத்தச் செலவு என்ன? தற்காலிக அடைப்பு விழுந்தால் என்ன செய்வது? இந்த ஐந்து கேள்விகளும் கேட்கத் தக்கவை. அதேபோல், உங்களுக்குள்ள சர்க்கரை நோய், இதய நோய், உண்டு வரும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பின் சில நாள் கடிக்கும்போது இலேசான வலி இருப்பது இயல்பு. வீக்கம் தோன்றினாலோ, வலி குறையாமல் மிகுந்தாலோ உடனே திரும்பிச் செல்லுங்கள். சிகிச்சை செய்த பல்லுக்குக் கூச்சம் தெரியாது. ஆனால் சொத்தை அதற்கும் வரும். ஆகவே மற்றப் பற்களைப் போலவே ஃபுளோரைடு சேர்ந்த பற்பசையால் அதனையும் நாளுக்கு இருமுறை துலக்க வேண்டும்.

விளையாடும் மாணவர்களுக்குத் தனியே ஒரு சொல். கபடியிலோ கிரிக்கெட்டிலோ முன்பல்லில் அடிபட்டு, வலியும் நின்று, சில மாதங்களில் அப்பல் சாம்பல் நிறமாக மாறினால், உள்ளே பற்கூழ் இறந்திருக்கக் கூடும். சொத்தையே இல்லாத பல்லுக்கும் இவ்வாறு நேரும். அதையும் காட்டிவிட வேண்டும்.

மாணவச் செல்வங்களே, தேர்வுக்குப் படிப்பதோடு படிப்பு முடிவதில்லை. படித்தது வீட்டுக்குப் பயன்பட வேண்டும். இன்றிரவு உணவு முடிந்தபின் உங்கள் தாயாரையும் தந்தையாரையும் பாட்டியாரையும் ஒரு கேள்வி கேளுங்கள். "எப்போதாவது பல் கடுமையாக வலித்து, மருத்துவரிடம் போகாமல், தானாக நின்றுபோனது உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்று யாரேனும் சொன்னால், அந்தப் பல் எது என்று காட்டச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறை நாளில் அவரை அழைத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் செல்லுங்கள். பேசாமல் இருக்கும் பல்லுக்காக நீங்கள் பேசுங்கள்.